மாமியார் வீட்டில் கிடைத்த ஞானம்

தமிழில் சிறைக்கு 'மாமியார் வீடு' என்றொரு செல்லப்பெயர் இருக்கிறது. சினிமா வசனத்தில், டீக்கடைப் பேச்சில், போலீஸ்காரர் கேலியில் எல்லாம் கேட்டிருப்போம். ஆண்கள் வைத்த பெயர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மருமகன் மாமியார் வீட்டுக்குப் போனால் உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரும். அதைச் சிறைக்குப் பொருத்திச் சிரித்திருக்கிறார்கள். மருமகள் மாமியார் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பது அந்தச் சிரிப்புக்குள் வரவே இல்லை.

பெண்கள் சிறைக்குள் இந்தப் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். புருஷன் வீட்டிலிருந்து நேராக அங்கே வந்தவர்கள் இருக்கிறார்கள். மருமகள் தீயில் கருகியதற்காக வந்த மாமியாரும் அதே பிளாக்கில் இரண்டு பாய் தள்ளிப் படுத்திருப்பார். இருவருக்கும் ஒரே கஞ்சி, ஒரே பூட்டு.

இந்த இடத்தைப் பற்றி இப்போது இன்னொரு கதை புழங்குகிறது. இதில் கேலி இல்லை, பக்தி இருக்கிறது. சிறை பெண்ணைத் திருத்துகிறது. உள்ளே போகிறவள் தன்னை அறிந்துகொண்டு வெளியே வருகிறாள். கம்பிக்குப் பின்னால் அவளுக்கு ஞானம் பிறக்கிறது. சிறைத்துறை இதைச் சொல்கிறது, சாமியார்கள் சொல்கிறார்கள், வார இதழ்கள் படத்தோடு போடுகின்றன. நாமும் சொல்கிறோம். நாம் என்றால் பெண்ணியவாதிகள். இந்தக் கட்டுரை முக்கியமாக நம்மோடு போடும் சண்டை.

சில ஆண்டுகளுக்கு முன் மகளிர் தினத்தையொட்டி நாங்கள் ஒரு கூட்டம் நடத்தினோம். எட்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்த ஒரு பெண்ணைப் பேச அழைத்திருந்தோம். கணவனைக் கொன்ற வழக்கு. கீழ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அது கொலையாகாத மரணம் என்று குறைக்கப்பட்டு, இருந்த காலமே போதும் என்று வெளியே விடப்பட்டவர். சிறையில் நான் வாரம் ஒருமுறை வாசிப்பு வகுப்பு நடத்தப் போய்க்கொண்டிருந்த இரண்டு வருடங்களில் பழக்கமானவர். அழைப்பிதழில் அவர் பேச்சுக்கு 'சிறை எனக்குக் கற்றுத் தந்தவை' என்று தலைப்பு. தலைப்பு வைத்தது நான்தான். அவரைக் கேட்கவில்லை.

அவர் மைக்கைப் பிடித்ததும் முதலில் என் தலைப்பைத்தான் கழற்றி வைத்தார். "அக்கா ஏதோ தலைப்பு போட்டிருக்காங்க. ஜெயிலு எனக்கு ஒண்ணும் கத்துத் தரலைங்க. கூட இருந்தவங்க கத்துத் தந்தாங்க. ஜெயிலு ராத்திரி ஆனா பூட்டும், விடிஞ்சா தொறக்கும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும்." அதன் பிறகு இருபது நிமிடம் பேசினார். வீடு கிடைக்காதது, ரேஷன் கார்டில் பேர் நீக்கப்பட்டது, மகன் பேச மறுப்பது. அரங்கில் ஒரு ஏமாற்றம் பரவியது எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு தோழி எழுந்து, "உள்ளே போகும் முன் இருந்த நீங்களும் இப்போது இருக்கும் நீங்களும் எப்படி வேறுபடுகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "முன்னாடி என் பேரை எழுதத் தெரியாது. இப்ப குற்றப்பத்திரிகையே படிப்பேன்" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: அவர் அவ்வளவு தெளிவாக மறுத்த பிறகும் நாங்கள் சிறைக்குத்தான் கைதட்டியிருந்தோம்.

ஒரு பெண்ணுக்கு எழுத்துத் தெரிய முப்பத்து நான்கு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கு ஒரு கொலை வழக்கு தேவைப்பட்டது என்பதில் கைதட்ட என்ன இருக்கிறது?

முதலில் அரசின் கதையைப் பார்ப்போம், அது எளிது. 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பெண்கள் 23,772. நூற்றுக்கு நான்கு. ஆணோ பெண்ணோ, இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். இவர்களைச் சிறை எதிலிருந்து திருத்துகிறது? தீர்ப்பு வராத ஒருத்தியிடம் 'நீ உன்னை உணர்ந்துகொண்டாயா' என்று கேட்பதற்கு என்ன பொருள்? அந்தப் பெண்களோடு 1,764 குழந்தைகளும் அன்று உள்ளே இருந்தன. ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு முடிந்தால் பிள்ளை வெளியே போக வேண்டும். அந்தக் குழந்தைகள் என்ன ஞானம் பெறுகின்றன என்று யாரும் மலர் வெளியிடுவதில்லை.

ஆன்மிகத்தின் கதையைப் பொருத்தவரை நான் கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். 1994இல் திகார் சிறையில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரவைத்து விபாசனா முகாம் நடத்தினார்கள். கிரண் பேடி சிறைத் தலைவராக இருந்த காலம், கோயங்கா நேரில் வந்து நடத்தினார். பத்து நாள் பேசாமல் மூச்சைக் கவனிப்பது பலருக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறது. நான் போன சிறையிலும் தியான வகுப்பு நடந்தது, அதற்குப் போன பெண்கள் அந்த ஒரு மணிநேரம் அமைதியாக இருக்கிறது என்றார்கள். அமைதி வேண்டும்தான், நூறு பேர் இருக்கும் இடத்தில் யாருக்கு வேண்டாம். ஆனால் ஒரு பெண் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "கோபத்த விடு விடுங்கறாங்க மேடம். எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்." அவருக்கு எதிராகப் பொய்சாட்சி சொன்னவர் அவருடைய மைத்துனர். அந்தக் கோபம்தான் அவரை மேல்முறையீட்டு மனு எழுதவைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்கச் சொல்கிறவர் யாருக்கு வேலை பார்க்கிறார் என்று கேட்கத்தான் வேண்டும்.

'திருந்திவிட்டார்' என்ற சான்றிதழ் யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தக் கதையின் அடிவயிறு தெரியும். 2002 குஜராத் வன்முறையில் பில்கிஸ் பானுவைக் கூட்டு வன்புணர்வு செய்து, அவருடைய குடும்பத்தினரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பதினொரு ஆண்கள், 2022 ஆகஸ்ட் 15 அன்று நன்னடத்தையைக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்டார்கள். வெளியே மாலை, இனிப்பு. விடுதலைக்குப் பரிந்துரைத்த குழுவில் இருந்த ஆளுங்கட்சி எம்எல்ஏ ஒருவர், அவர்கள் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்று பேசினார். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்ததால் திரும்ப உள்ளே போனார்கள். அதுவும் பில்கிஸ் பானுவும் வேறு சில பெண்களும் நீதிமன்றப் படி ஏறியதால். அந்த ஆண்கள் தங்களைப் பற்றி என்ன அறிந்துகொண்டார்கள் என்று அந்தக் குழு கேட்டதற்கான தடயம் எதுவும் வெளியே தெரியவில்லை. சாதி தெரிந்திருந்தது, போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்தப் பக்கம் நளினியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பற்றி நமக்குள் பல கருத்து இருக்கலாம். நான் பேசுவது ஒரு பெண்ணின் மனதை அரசு எப்படி அளக்கிறது என்பதைப் பற்றி. 1999இல் உச்ச நீதிமன்றம் அவருடைய தூக்கை உறுதி செய்தபோது நீதிபதி கே.டி. தாமஸ் மட்டும் ஆயுள் தண்டனை போதும் என்றார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு: தந்தைக்கும் தூக்கு என்பதால் சிறையில் பிறந்த குழந்தை அநாதையாகிவிடும்; நளினி சதியை முன்னின்று நடத்தியவர் இல்லை, சொன்னதைச் செய்தவர். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் கவனியுங்கள், பெண்ணைத் தூக்குக்கயிற்றிலிருந்து இறக்க வேண்டுமென்றால் அவள் தாயாக இருக்க வேண்டும், சொன்னதைக் கேட்டவளாக இருக்க வேண்டும். அவளுக்கென்று ஒரு 'தான்' இருக்கக் கூடாது. 2000இல் தூக்கு ஆயுளானது. உள்ளேயே படித்து முதுகலைப் பட்டம் வாங்கினார். முன்விடுதலை கேட்டார். 2010இல் தமிழக அரசு மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அவர் போய்த் தங்கப்போகும் ராயப்பேட்டை முக்கியப் புள்ளிகள் வசிக்கும் பகுதி, அமெரிக்கத் துணைத் தூதரகம் வேறு பக்கத்தில் இருக்கிறது, சட்டம் ஒழுங்கு கெடும் என்பது. அதாவது இருபது வருடம் நீங்கள் உங்களையே தோண்டித் துருவி வேறு ஆளாகியிருக்கலாம். உங்கள் அம்மா குடியிருக்கும் தெரு சரியில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன்.

நமக்குச் சிறை இலக்கியம் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். நவ்வல் எல் சாதவியை 1981 செப்டம்பரில் சதாத்தின் அரசு கைது செய்து கனாத்தீர் பெண்கள் சிறையில் அடைத்தது. காகிதமும் பேனாவும் கொடுக்கவில்லை. கழிவறைத் தாளில், புருவம் தீட்டும் பென்சிலால் எழுதினார். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், சொல்லும்போதெல்லாம் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பென்சிலைக் கொடுத்தது பாலியல் தொழில் வழக்கில் அங்கே இருந்த ஒரு கைதி. அவளுடைய புத்தகம் நம்மிடம் இல்லை. அதே கனாத்தீருக்கு அதற்குச் சில வருடம் முன்பு நவ்வல் மனநல ஆய்வாளராகப் போயிருந்தார். தூக்குக்குக் காத்திருந்த ஒரு பெண்ணைச் சந்தித்து அவள் கதையைப் 'பூஜ்ஜியப் புள்ளியில் பெண்' நாவலாக எழுதினார். அந்தப் பெண் தூக்கிலிடப்பட்டாள். ஒரே சிறை. ஒருவர் உலகம் அறிந்த எழுத்தாளராக வெளியே வந்தார், இன்னொருத்தி கதாபாத்திரமானாள், மூன்றாமவள் ஒரு பென்சில்.

இதற்காக நவ்வலைக் குறை சொல்லவில்லை. அவர் அந்தப் பெண்களை மறைக்காமல் எழுதினார். குறை நாம் வாசிக்கும் விதத்தில். எழுதத் தெரிந்த பெண்ணின் சிறையைச் சிறையாகவும், மற்றவர்களின் சிறையை அவருடைய மனவளர்ச்சிக்கான பின்புலமாகவும் வாசிக்கிறோம்.

சுதா பரத்வாஜ் எழுதியதைப் படித்தால் இந்த வாசிப்பு செல்லுபடியாகாது. பீமா கோரேகான் வழக்கில் 2018இல் கைதாகி, எரவாடா பெண்கள் சிறையில் தூக்குத்தண்டனைக் கைதிகளுக்கான முற்றத்தில் வைக்கப்பட்டவர். பிறகு மும்பை பைகுல்லா. 2021 டிசம்பரில் ஜாமீன். எரவாடா அறையின் கம்பி வழியாகத் தான் பார்த்த பெண்களைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். அது 2023இல் புத்தகமாக வந்தது. அதில் 'நான்' குறைவு. யார் எதற்காக வந்தாள், யாருக்கு வக்கீல் வரவில்லை, யாரை மனு பார்க்க ஆள் வருவதில்லை, யார் யாருக்குத் துணி துவைத்துப் பிழைக்கிறாள். ஒரு பெண் தன்னை அறிவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: கூட இருக்கும் இருபது பேருடைய வழக்கைக் கேட்பது. என் புருஷன் குடிப்பது என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு வந்தவள், பக்கத்துப் பாயில் இருப்பவளுக்கும் அதே தலையெழுத்து, எதிர்ப் பாயிலும் அதே தலையெழுத்து என்று தெரிந்துகொள்ளும்போது தலையெழுத்து என்ற சொல் பொருளிழக்கிறது. எழுபதுகளில் நம் முன்னோடிகள் சின்னச் சின்ன அறைகளில் வட்டமாக உட்கார்ந்து செய்ததும் இதுவே. அதைச் செய்யப் பெண்களுக்கு ஒரு கூடம் கிடைத்தது, அந்தக் கூடத்தின் கதவு வெளியே பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

'வீட்டைவிட உள்ளே சுதந்திரமாக இருந்தேன்' என்று பெண்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பொய்யில்லை. இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா பத்து வருடம் அடி வாங்கிய பிறகு 1989இல் கணவனுக்குத் தீ வைத்தார்; ஆயுள் தண்டனை; சவுத்ஹால் கருப்புச் சகோதரிகள் அமைப்பு போராடி 1992இல் வெளியே கொண்டுவந்தது. அவருக்கும் கணவனின் வீட்டோடு ஒப்பிட்டால் சிறை நிம்மதியாகத்தான் இருந்தது. அடிக்க யாருமில்லை, அங்கேதான் ஆங்கிலம் பேசப் பழகினார். ஆனால் இந்த வாக்கியத்தை மேடையில் சொல்லும்போது நாம் சிறைக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறோம். அது கல்யாணத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அதைச் சிறையின் புகழாகத் திருப்பிப் படிப்பது சோம்பேறித்தனம்.

தன்னை அறிதல் பற்றி இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி நம்மிடையே யாரும் சரியாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தவறு செய்தவள் தன் தவறை எதிர்கொள்ள வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். எல்லாப் பெண்களும் சூழ்நிலையின் கைதிகள் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. என் வகுப்பில் ஒரு மாமியார் இருந்தார். அறுபது வயது தாண்டியவர். மருமகள் இறந்த வழக்கு. எப்போதும் சுவரோரம் உட்கார்வார். ஒருநாள் நல்லதங்காள் கதையைப் படித்தோம். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்தவளை அண்ணி விரட்ட, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்தவள். எல்லோரும் நல்லதங்காளுக்காக அழுதார்கள். அந்த அம்மா மட்டும், "அந்த அண்ணிக்காரி ஏன் அப்படிப் பண்ணினா?" என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன். அவர், "இல்ல டீச்சர், அவளுக்கு என்ன பயம் இருந்திருக்கும்?" என்று திரும்பக் கேட்டார். பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது, யாரிடமும் எதுவும் பேசாதே என்று வக்கீல் சொல்லியிருந்தாராம்.

வக்கீல் சொன்னது சரி. அவர் வேறு எப்படிச் சொல்ல முடியும்? வழக்கு முடியும் வரை 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்பதே அந்தப் பெண்ணின் ஒரே வாக்கியம். ஆறு வருடமோ எட்டு வருடமோ அதைச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்ப வேண்டும். மேல்முறையீடு தள்ளுபடியான மறுநாள் எல்லாம் தலைகீழாகும். முன்விடுதலைக்கு மனுப் போட வேண்டும். நன்னடத்தை அலுவலர் வந்து விசாரிப்பார். இப்போது 'செய்தேன், உணர்ந்தேன், வருந்துகிறேன்' என்று சொல்லியாக வேண்டும். நேற்றுவரை உண்மை பேசினால் தண்டனை, இன்றிலிருந்து பேசாவிட்டால் தண்டனை. அந்த அம்மா தன் மனதுக்குள் ஒரு கதவைத் தட்டினார், எனக்குத் தெரியும். தான் ஏன் அப்படிச் செய்தோம், தனக்கு என்ன பயம் இருந்தது என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வியை அவர் வாயை மூடிக்கொண்டு விழுங்கும்படி செய்தது சிறையும் வழக்கும். செத்துப்போன மருமகளுக்கும் இதனால் எந்த நியாயமும் கிடைக்கவில்லை.

நல்லதங்காள் சும்மா வந்த பெயர் இல்லை. 1989இல் சென்னை உயர் நீதிமன்றம், குழந்தையோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கில் இந்தப் பெயரைப் பயன்படுத்தியது. கோபமூட்டல் என்றால் அந்த நொடியில் திடீரென்று வருவது மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நீண்ட நாள் சேர்ந்த கொடுமையும் கோபமூட்டல்தான் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நம் சட்டக் கல்லூரிகளில் மேற்கத்திய வழக்குகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இதைச் சொல்லிக்கொடுப்பது அபூர்வம். கூட்டத்தில் பேசிய பெண்ணுக்கு விடுதலை வாங்கித் தந்த வாதமும் இந்த வழியில் வந்ததே. அந்த வாதத்துக்கான விவரங்களைச் சேகரித்தது யார் தெரியுமா? அவரேதான். எந்த வருடம் கை முறிந்தது, எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சமரசம் பேசித் திருப்பி அனுப்பினார்கள், எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில், எழுத்துப் பிழையோடு.

அந்த எழுத்து எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எழுதப் படிக்கச் சொல்லித் தந்தது செக் மோசடி வழக்கில் உள்ளே இருந்த ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. பாடப்புத்தகம் கிடையாது, இருந்தது குற்றப்பத்திரிகை நகல் மட்டும். அதை வைத்தே எழுத்துக் கூட்டினார்கள். நம் காவல்துறைத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். 'மேற்படி எதிரி தனது கணவரான இறந்துபோன நபரின் மீது' என்று போகும். அவர் முதன்முதலாகக் கூட்டிப் படித்த சொற்களில் ஒன்று எதிரி. "யாருக்கு டீச்சர் நான் எதிரி?" என்று கேட்டாராம். அந்த ஆசிரியை சிரித்தாராம். எனக்கு இதைச் சொன்னபோது இருவரும் சேர்ந்தே சொன்னார்கள், நடுவில் சிரித்துக்கொண்டு. மூன்று பக்கத்தில் அவருடைய பதினான்கு வருடக் கல்யாணத்துக்கு ஒரு வரி: கணவன் மனைவிக்கிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்த நிலையில். அந்த வரியைப் படித்த அன்றுதான் தன் கதையைத் தானே எழுத வேண்டும் என்று முடிவு செய்ததாகச் சொன்னார். அவருக்கு ஞானம் என்று ஒன்று பிறந்தது என்றால் அந்த வரியில் பிறந்தது. அதற்கு அரசின் பங்களிப்பு, அந்த வரியை எழுதியது.

சிறைக்குள்ளே எல்லோரும் சமமாக உட்கார்ந்து அறிவு பகிர்ந்தார்கள் என்று நான் படம் காட்டவும் விரும்பவில்லை. கழிவறை கழுவுவது யார், சமைப்பது யார் என்பது உள்ளேயும் சாதிதான். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று செல்லாது என்றது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாக ஆட்களைப் பிரித்து வைப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. பிரிட்டிஷ்காரன் எழுதிய விதிகள் சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருடம் உயிரோடு இருந்திருக்கின்றன. அந்த விதிகளின் கீழ் துடைப்பம் பிடித்த பெண்ணிடம் போய் உன்னை நீ அறிந்தாயா என்று கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் தான் யாராக வைக்கப்பட்டிருந்தாளோ அதையே சிறையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறது, அரசு முத்திரையோடு.

வெளியே வருவதைப் பற்றி. எல்லாச் 'சிறையில் மலர்ந்த பெண்' கட்டுரைகளும் வாசல் கதவோடு முடிகின்றன, அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் நீதிமன்றங்கள் ஜாமீன் கொடுக்கும்போது இரண்டு ஜாமீன்தாரர் கேட்கும். பல உத்தரவுகளில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். கணவன் வழக்கில் கைதானவளுக்குக் கணவன் வீட்டிலிருந்து யார் வருவார்கள்? பிறந்த வீட்டில் அண்ணன் வர அண்ணி விட வேண்டும். இங்கேயும் நல்லதங்காள்தான். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடப்பவர்கள் இதனால்தான் இருக்கிறார்கள். ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு உதவ 2023 பட்ஜெட்டில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். பணம் கொடுக்கலாம், ரத்த உறவை எந்தத் திட்டத்தில் கொடுப்பது? ஆண் கைதிக்கு வெளியே மனைவி இருக்கிறாள், அம்மா இருக்கிறாள், தாலியை அடகு வைத்தாவது வருவார்கள். அற்புதம்மாள் முப்பது வருடம் அலைந்ததை நாடே பார்த்தது. மகளுக்காக, மனைவிக்காக அப்படி அலைந்த ஒரு அப்பாவை, ஒரு கணவனை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

போக இடமில்லாதவர்களுக்கு அரசு இல்லம் இருக்கிறது. ஸ்வதார் கிரே என்று இருந்தது, இப்போது சக்தி சதன். குடும்ப ஆதரவில்லாமல் விடுதலையாகும் பெண் கைதிகளும் அதன் பட்டியலில் உண்டு. திட்டத்தைக் குறை சொல்லவில்லை, தெருவைவிட மேல். நான் பார்த்த ஒரு இல்லத்தில் வாசலில் ஒரு நோட்டு, எங்கே போகிறாய், எப்போது வருவாய், யாரைப் பார்க்கிறாய் என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவள் மறுபடி வாசலில் கையெழுத்துப் போடுகிறாள். புழல் பக்கம் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. நல்ல விஷயம், வெயிலும் மனிதர்களும் கூலியும் கிடைக்கின்றன. தண்டனை முடிந்து வெளியே வந்தவளை, அவள் அங்கே இரண்டு வருடம் பெட்ரோல் போட்டவள் என்று தெரிந்தே, தனியார் பங்க் ஒன்று வேலைக்கு எடுத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

1987இலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு பெண் கைதிகளைப் பற்றி விரிவாக அறிக்கை கொடுத்துவிட்டது. புதிதாக யாரும் ஆராய வேண்டியதில்லை. ரத்த உறவு நிபந்தனையை எடுங்கள். விசாரணைக் கைதிகளில் குழந்தையோடு இருப்பவர்களை முதலில் வெளியே விடுங்கள். குடும்ப வன்முறை பின்னணியில் உள்ள கொலை வழக்குகள் அத்தனையிலும் அந்தப் பின்னணியை விசாரணையிலேயே பதிவு செய்யக் கட்டாயப்படுத்துங்கள், ஒரு வரியில் 'கருத்து வேறுபாடு' என்று எழுதி மூட விடாதீர்கள். முன்விடுதலைக்கு மனதைத் தோண்டிப் பார்க்கும் கேள்விகளை விட்டுவிட்டு, போய் இருக்க வீடு இருக்கிறதா, இல்லையென்றால் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். நாம் செய்ய வேண்டியதும் உண்டு: மேடைக்குக் கூப்பிடும்போது தலைப்பை அவர்களையே வைக்கச் சொல்வது. மேடைக்குக் கூப்பிடாத நாட்களிலும் போன் எடுப்பது.

அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தது கூட்டம் நடந்து நான்கு மாதம் கழித்து. வீடு பார்க்கக் கூப்பிட்டிருந்தார். ஆதாரில் இன்னும் புருஷன் வீட்டு விலாசம்தான் இருக்கிறது; விலாசம் மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும், வாடகைக்கு விட ஆதார் வேண்டும். வீட்டுக்காரம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தனியாளா, புருஷன் எங்கே, இத்தனை நாள் எங்கே இருந்தீங்க என்று வரிசையாகக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். "நான் இவ சித்திங்க. இத்தன நாள் எங்கூடத்தான் இருந்தா. புருஷன் தவறிட்டார்" என்றேன். வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, முன்பணம் இருபதாயிரம், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன், உறவு: சித்தி.